லிஸ்பனில் முதல் மாலை: ஆற்றங்கரையிலிருந்து தொடங்குவதா, குன்றின் மேலிருந்து தொடங்குவதா?

தென்கரைவாசி (தொடக்கப் பதிவு)

கடந்த அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு கருத்தரங்குக்காகப் போர்த்துகலின் தலைநகரான லிஸ்பன் சென்றிருந்தேன். விமானம் பிற்பகலில் இறங்கியது. அறையில் பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. மறுநாளிலிருந்து மூன்று நாளும் அரங்குக்குள்ளேயே கழியும் என்பதால், ஊரைப் பார்க்க எனக்கு வாய்த்த முழுப்பொழுது அந்த ஒரு மாலைதான். முன்பின் அறியாத ஊரில் முதல் மாலையை எங்கே தொடங்குவது என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். லிஸ்பனைப் பொறுத்தவரை அப்படி இல்லை என்று நினைக்கிறேன். முதலில் பைஷா என்ற சமதளத்தில் நடந்து, ஆற்றைத் தொட்டுவிட்டு, அதன் பிறகே குன்றேற வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணத்தை எழுதுகிறேன். மாறுபடுகிறவர்களும் காரணத்தோடு எழுதினால் அடுத்துப் போகிறவர்களுக்குப் பயன்படும்.

விமான நிலையத்தில் மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் ஏறி, அலமேடாவில் பச்சைத் தடத்துக்கு மாறினால் ரோசியோ சதுக்கம் வந்துவிடும். படியேறி மேலே வந்ததும் என் கண் தரையில்தான் நின்றது. உள்ளங்கைக்குள் அடங்கும் சுண்ணாம்புக் கற்களையும் கருங்கற்களையும் கையாலேயே ஒவ்வொன்றாகப் பதித்து, சதுக்கம் முழுவதும் வெள்ளையும் கறுப்புமாக அலை அலையாக வரைந்திருக்கிறார்கள். தரை சமம்தான், ஆனால் நின்று பார்த்தால் கால் ஏறி இறங்குவது போலவே தோன்றுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பதித்த வடிவம் அது. எத்தனையோ தலைமுறைகளின் கால்பட்டு, கற்களின் விளிம்பு உரல் குழியின் உட்புறம் போல வழுவழுத்துக் கிடக்கிறது.

ரோசியோவிலிருந்து ஆற்றுக்குப் போகும் தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேரானவை. கட்டடங்கள் ஏறத்தாழ ஒரே உயரம், சன்னல்கள் ஒரே அளவு. பழைய ஐரோப்பிய நகரத்தின் நடுப்பகுதி இவ்வளவு ஒழுங்காக இருப்பது இயல்பானதல்ல. 1755 நவம்பர் 1 அன்று, அனைத்துப் புனிதர்கள் திருநாளின் காலையில், தேவாலயங்கள் நிரம்பி வழிந்த நேரத்தில் நிலம் அதிர்ந்தது. பின்னாலேயே தேஜோ ஆற்றின் வழியாக ஆழிப்பேரலை ஏறியது. கவிழ்ந்த மெழுகுவத்திகளும் அடுப்புகளும் மூட்டிய தீ நாள்கணக்கில் எரிந்தது. பழைய பைஷா அதோடு முடிந்தது. பின்னாளில் பொம்பால் பிரபு எனப் பட்டம் பெற்ற அமைச்சர், மனுவேல் தா மாயா முதலிய படைப் பொறியாளர்களை வைத்துப் புதிதாகத் தெருக்களை வகுத்தார். வெளியே பார்த்தால் தெரியாது. சுவர்களுக்குள்ளே பெருக்கல் குறி போலக் குறுக்குச் சட்டங்கள் பூட்டிய மரக்கூடு இருக்கிறது. அதற்குக் கயோலா, அதாவது கூண்டு என்று பெயர். நிலம் ஆடும்போது கல் உதிர்ந்தாலும் கூடு நிற்க வேண்டும் என்பது கணக்கு. மாதிரிக் கூடு ஒன்றைக் கட்டி, சுற்றிலும் படைவீரர்களை அழுத்தி மிதித்து நடக்கச் செய்து சோதித்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

தெருக்களுக்குத் தொழில்களின் பெயர். தட்டாருக்குப் பொன் தெரு, வெள்ளித் தெரு. செருப்புத் தைப்பவர்களுக்கு ஒன்று, துணி வணிகர்களுக்கு ஒன்று, சேணம் தைப்பவர்களுக்கு ஒன்று, பொன்முலாம் பூசுபவர்களுக்கு ஒன்று. நடுவில் செல்லும் அவுகுஸ்தா தெருவில் வண்டிகள் கிடையாது. பத்து நிமிடம் நடந்து பெரிய வளைவைக் கடந்தால், மூன்று பக்கம் மஞ்சள் நிறத் தாழ்வாரங்களும் நான்காவது பக்கம் ஆறுமாக ஒரு பெருமுற்றம் விரிகிறது. வரைபடத்தில் அதன் பெயர் பிரசா தோ கொமெர்சியோ, வணிகச் சதுக்கம். ஆனால் அங்குள்ளவர்கள் இன்றும் தெரெய்ரோ தோ பாசோ என்றே சொல்கிறார்கள். அரண்மனை முற்றம் என்று பொருள். மெட்ரோ நிலையத்தின் பெயரும் அதுவே. அந்த நிலநடுக்கத்தில் அரண்மனை போய் ஏறத்தாழ 270 ஆண்டுகள் ஆகின்றன, முற்றத்தின் பெயர் மட்டும் போகவில்லை.

ஆற்றோரம் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே படிகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன. கடைசியாகத் தெரிந்த படியில் பாசி பச்சையாகப் படர்ந்திருந்தது. வலப்பக்கம், 1966இல் திறந்த தொங்குபாலத்துக்கு அப்பால், ஏழே கால் மணிவாக்கில் சூரியன் இறங்கியது. படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அதன் பிறகும் உடனே எழுந்திருக்கவில்லை. நானும் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகுதான் ஏறத் தொடங்கினேன். 1147க்குப் பின் கட்டத் தொடங்கிய பேராலயத்தைக் கடந்து, டிராம் தண்டவாளத்தை ஒட்டியே போனால் சாந்தா லுசியா என்ற காட்சிமேடு வருகிறது. காட்சிமேட்டை அங்கே மிராதோரு என்கிறார்கள். எல்லோரும் ஆற்றைப் பார்த்து நின்றிருந்தார்கள். பின்னாலிருந்த சிறிய தேவாலயத்தின் வெளிச்சுவரில் நீல வண்ண டைல்களால் ஆன சித்திரம் ஒன்று இருந்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில் அருகே போய்ப் பார்த்தேன். நான் சற்று முன்பு உட்கார்ந்திருந்த அதே முற்றம். ஆனால் நிலநடுக்கத்துக்கு முந்தைய கோலம். ஆற்றோரத்தில் அரண்மனை நிற்கிறது, முற்றத்தில் மனிதர்கள் சிறு சிறு உருவங்களாக நடமாடுகிறார்கள். என் கால் இன்னும் அந்த முற்றத்தின் நினைவோடு இருந்ததால், எந்தக் கட்டடம் எந்த இடத்திலிருந்து இல்லாமல் போனது என்று சுட்டிக் காட்டும் அளவுக்குப் புரிந்தது. முதலிலேயே மேலே ஏறி வந்திருந்தால், அது எனக்கு அழகான டைல் வேலையாக மட்டுமே தெரிந்திருக்கும். கீழே தொடங்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

அங்கிருந்து அல்ஃபாமாவுக்குள் இறங்கினேன். அடியில் உறுதியான பாறை இருந்ததால் பெருமளவு தப்பிய பழைய பகுதி அது. நேர்க்கோடு என்பதே அங்கு இல்லை. ஒரே மாலையில், ஒரு மணி நேர இடைவெளியில், அழிந்து மீண்ட ஊரையும் அழியாமல் நின்ற ஊரையும் நடந்தே கடந்துவிடலாம்.

மேட்டுத்தெரு

ஐயா, உங்கள் பதிவு மனத்தைத் தொட்டது. ஆனாலும் நான் மாறுபடுகிறேன். அறியாத ஊரில் முதல் மாலையில் மனத்துக்கு முதலில் வேண்டியது திசை. எது கிழக்கு, ஆறு எந்தப் பக்கம், கோட்டை எங்கே என்று தெரியாமல் சந்துகளில் நடப்பவருக்கு ஊர் துண்டு துண்டாகத்தான் நினைவில் தங்கும். லிஸ்பனில் நான் தங்கிய முதல் நாளில் நேரே கிராசா மேட்டுக்கு ஏறினேன். அங்கிருந்து கோட்டையும், அதற்குக் கீழே பைஷாவின் நேர்த்தெருக்களும், கூரையில்லாமல் வானத்தைப் பார்த்து நிற்கும் கார்மோ மடத்தின் கல் வளைவுகளும், தொலைவில் பாலமும் ஒரே பார்வையில் கிடைத்தன. கார்மோவின் கூரையும் அதே 1755இல் விழுந்ததுதான். அதைத் திரும்பக் கட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆகவே நீங்கள் சொல்லும் அழிவும் மீட்சியும் மேலிருந்தும் தெரிகின்றன. சூரியன் மறைவதற்கும் கிராசா மேற்கு நோக்கியது, சாந்தா லுசியா அப்படி அல்ல.

இன்னொன்று: இருட்டிய பிறகு அல்ஃபாமாவில் இறங்குவதை முதல் நாளில் யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் ஊர் பேருந்து நிலையங்களில் இருக்கும் கவனம் அங்கே இருந்தால் போதும், அச்சம் வேண்டாம். ஆனால் படிகள் ஒரே அளவாக இருப்பதில்லை, கல்லில் ஈரம் படிந்தால் வழுக்கும், கைப்பேசி வரைபடம் இரண்டு சந்துகளை ஒன்றாகக் காட்டும்.

மேலே ஏறுவதற்கு முன்பெல்லாம் குளோரியா ஏற்றத்தைச் சொல்வார்கள். பழனியில் விஞ்ச் என்கிறோமே, அந்த வகை. 2025 செப்டம்பர் 3 அன்று அது தடம் புரண்டு 16 பேர் இறந்தார்கள். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு அதைத் தேடிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சொற்களம்

எங்கே தொடங்கினாலும், தமிழர் ஒருவருக்கு லிஸ்பனின் முதல் மாலை காதில்தான் தொடங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் தங்கிய விடுதியில் வரவேற்பறையில் இருந்த அம்மையார் கையை நீட்டி, ‘ஷாவ்’ என்றார். அவர் கையில் இருந்தது சாவி. அறைக்குள் வந்து, காற்றோட்டம் வேண்டுமானால் திறந்துகொள்ளலாம் என்று ‘ஜனேலா’வைக் காட்டினார். மேசை அவர்களுக்கு ‘மேசா’, துவாலை ‘துவால்யா’, அலமாரி ‘அர்மாரியு’, வராந்தா ‘வராந்தா’வேதான். வீட்டுக்குள் தினமும் புழங்கும் பொருள்களின் பெயர்களை, யாரிடமிருந்து வாங்கினோம் என்ற நினைவே இல்லாமல் நாம் வைத்திருக்கிறோம். பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையிலும் நாகப்பட்டினத்திலும் வந்திறங்கிய போர்த்துக்கேயரின் சொற்கள் அவை.

அந்தத் தொடர்பு ஒருவழியில் மட்டும் நிற்கவில்லை. தமிழில் அச்சான முதல் நூலாகக் கருதப்படும் ‘கார்த்தில்யா’ 1554இல் லிஸ்பனில்தான் அச்சிடப்பட்டது. தமிழ் எழுத்துகளை வார்க்காத காலம் என்பதால் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் கோத்திருந்தார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வெளிவர 1578 ஆயிற்று. தென்கரைவாசி ஐயா நடந்த பைஷாவுக்கு முன், நிலநடுக்கத்துக்கு முன் இருந்த அந்தப் பழைய லிஸ்பன்தான் தமிழ்ச் சொல் முதன்முதலில் அச்சு மையில் தோய்ந்த ஊர். அந்த எண்ணத்தோடு அத்தெருக்களில் நடந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

நிலாமுற்றம்

அடுத்த வாரம் அம்மாவுடன் லிஸ்பன் போகிறேன். அவருக்கு 68 வயது. முழங்கால் வலி உண்டு, படி ஏறுவது சிரமம், இறங்குவது அதைவிடச் சிரமம். சைவம் மட்டுமே சாப்பிடுவார். நாங்கள் போய்ச் சேரும் நாள் மாலைதான் அவருக்கு ஓரளவு தெம்பு இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் இருவரும் சொல்லும் இரண்டு வழிகளுமே ஏற்றமாக இருக்கின்றன. எங்களுக்கு என்ன வழி? 28ஆம் எண் டிராமில் ஏறி உட்கார்ந்தே ஊரைச் சுற்றிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்களே?

தேஜோக்கரை

எட்டு ஆண்டுகளாக லிஸ்பனில் வேலை செய்கிறேன். இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், நிலாமுற்றம் அவர்களின் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

28ஆம் எண் டிராமை முதல் மாலைக்கு வைக்காதீர்கள். அது பழைய காலத்துச் சிறிய மரப்பெட்டி வண்டி. மார்த்திம் மோனிஸில் வரிசையே நீளமாக இருக்கும், உள்ளே நெருக்கியடித்து நிற்க வேண்டும், பைகளைத் துழாவும் கைகளும் அந்த நெரிசலைத்தான் தேடி வருகின்றன. உங்கள் அம்மாவுக்கு இருக்கை கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அதற்குப் பதில், ரோசியோவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிகெய்ரா சதுக்கத்தில் 737 என்ற சிறிய பேருந்து நிற்கும். அது கோட்டை வரை ஏறும். அங்கிருந்து சாந்தா லுசியாவுக்கு இறக்கம்தான். மெதுவாக நடந்தாலும் சில நிமிடம்.

ஏறுவதற்கு வேறு உதவிகளும் உண்டு, வெளியூர்க்காரர்கள் பலர் கவனிப்பதில்லை. துணி வணிகர் தெருவான பன்கெய்ரோஸ் தெருவில், சாதாரணக் கட்டடம் ஒன்றின் உள்ளே நகராட்சியின் மின்தூக்கி இருக்கிறது. கட்டணம் இல்லை. அதில் ஏறினால் மதலேனா தெருவில் வெளிப்படுவீர்கள். அங்கிருந்து சற்றுத் தள்ளி, பழைய சந்தைக் கட்டடத்துக்குள் இன்னொரு மின்தூக்கி கோட்டையின் அடிவாரத்துக்குக் கொண்டுபோய் விடும். அதேபோல் பைஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்தின் நகரும் படிக்கட்டுகள் ஒரு குன்றையே ஏறிக் கொடுக்கின்றன. கீழ்வாசலில் நுழைந்து மேல்வாசலில் வெளியே வந்தால் ஷியாடு என்ற மேட்டுப் பகுதி. இவற்றில் ஏதாவது ஒன்று பழுதாகி நிற்கும் நாளும் உண்டு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் முதல் மாலையின் மனக்கசப்பு பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஒலிவக்காய், வெண்ணெய், சில நேரம் பாலாடைக்கட்டி எல்லாம் மேசைக்கு வரும். இதற்குக் கூவேர்ட் என்று பெயர். அன்பளிப்பு அல்ல, தொட்டால் கணக்கில் ஏறும். தொடாமல், வேண்டாம் என்று சொல்லித் திருப்பிவிட்டால் பணம் கேட்கக் கூடாது, சட்டமும் அதையே சொல்கிறது. யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். சைவம் என்றால் கவனம்: பச்சைக் கீரையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கால்டோ வெர்டே சூப்பைப் பார்த்தால் சைவமாகத் தோன்றும், ஆனால் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று அடியில் கிடக்கும். கேட்டு வாங்குங்கள்.

லிஸ்பனின் மரபுப் பாடல் இசையான பாதோவைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. முதல் மாலையிலேயே போகலாமா என்றால், பயணக் களைப்பில் இருப்பவர் போக வேண்டாம் என்பேன். பாட்டு தொடங்கியதும் விளக்கைத் தணிப்பார்கள், பரிமாறுவதைக்கூட நிறுத்துவார்கள். அந்த அமைதிக்கு ஈடுகொடுக்கும் தெம்போடு போவதே பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நியாயம்.

தென்கரைவாசி

தேஜோக்கரை அவர்களுக்கு நன்றி. கூவேர்ட் செய்தியை நான் அன்று அறிந்திருக்கவில்லை. அல்ஃபாமாவில் ஓர் உணவகத்தில் அமர்ந்ததும் வந்த ஒலிவக்காயை விருந்தோம்பல் என்று எண்ணி மகிழ்ந்து சாப்பிட்டேன். கணக்குச் சீட்டில் பார்த்ததும் மனம் சுருங்கிப்போனது. சில யூரோதான். ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் அறைக்குத் திரும்பும் வரை கூடவே வந்தது. வழக்கம் என்னவென்று தெரிந்திருந்தால் அந்த எண்ணமே தோன்றியிருக்காது.

மேட்டுத்தெரு அவர்கள் சொன்ன திசை பற்றிய வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஊரைத் திசை வழியாக மட்டும்தான் அறிய முடியுமா? பைஷாவில் நடந்தபோது நான் கோட்டையைத் தெருமுனைகளில் விட்டு விட்டுத்தான் பார்த்தேன். ஒரு குறுக்குத் தெருவில் தெரியும், அடுத்ததில் மறையும், மீண்டும் தெரியும். மேலே போய்ச் சேர்ந்தபோது அது எனக்குப் பழகிய முகமாகிவிட்டது. போகும் வழியில் விளக்குக் கம்பங்களிலும் தரைக் கற்களிலும் ஒரு கப்பலும் அதன் இரு முனைகளில் இரண்டு காக்கைகளும் திரும்பத் திரும்ப வந்தன. நகரின் சின்னம் அது என்று முதலில் தெரியவில்லை. சாந்தா லுசியாவுக்கு அடுத்த காட்சிமேட்டில், கையில் கப்பலும் அதில் இரண்டு காக்கைகளுமாக, நகரின் காவல் புனிதரான வின்சென்டின் சிலையைக் கண்டதும்தான், கீழே பார்த்தது அத்தனைக்கும் விடை கிடைத்தது. நடந்து தேடியதற்குப் பிறகு கிடைத்த விடை அது.

மேட்டுத்தெரு

காக்கைகளை நான் நான்கு நாளும் பார்த்துவிட்டு, என்னவென்று அறியாமலே திரும்பியிருக்கிறேன். அந்த அளவில் உங்கள் வழியே நிறைவானது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கிராசாவை விட்டுக்கொடுக்க மனமில்லை. நடக்கக் கூடியவர், வெளிச்சம் மிச்சமிருக்கும் மாதங்களில் போகிறவர் (ஜூனில் ஒன்பது மணிக்குத்தான் அங்கே சூரியன் மறைகிறது) இரண்டையும் ஒரே மாலையில் பார்த்துவிட முடியும்: கீழே தொடங்கி, கிராசாவில் முடிக்கலாம். அக்டோபரில் அந்த வசதி இல்லை.

நிலாமுற்றம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை வந்து சேர்ந்தோம். ஐந்தரை மணிக்கு ரோசியோவில் தொடங்கினோம். அலை போட்ட தரையைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கால் தடுமாறியது, என் கையைப் பிடித்துக்கொண்டார். தரை மேடு பள்ளம் இல்லை என்று காலால் தேய்த்துப் பார்த்த பிறகே கையை விட்டார். அவுகுஸ்தா தெருவில் மூன்று இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஆற்றங்கரைக்கு வர ஒரு மணி நேரம் ஆனது. பாசி படிந்த படிகளுக்கு அவரை இறக்கவில்லை. மேலேயே கல்விளிம்பில் உட்கார்ந்தோம். பிறகு திரும்பி வந்து 737இல் ஏறினோம். ஓர் இளைஞர் தாமாக எழுந்து இடம் கொடுத்தார்.

ரொட்டியும் ஒலிவக்காயும் வந்தன. வேண்டாம் என்றதும் சிரித்துக்கொண்டே எடுத்துப் போனார்கள். இறைச்சி இல்லாத காய்கறி சூப் கிடைத்தது. விடுதியில் சாவியைக் கொடுத்தபோது அந்தச் சொல்லை நான் சொல்லாமலே அம்மா கண்டுபிடித்துவிட்டார், சொற்களம் அவர்களிடம் சொல்லச் சொன்னார்.

சாந்தா லுசியாவுக்கு வரும்போது இருட்டிவிட்டது. டைல் சித்திரத்தின் முன் அம்மா வெகுநேரம் நின்றார். ஆற்றையும் முற்றத்தையும் அவராகவே அடையாளம் கண்டுகொண்டார். பிறகு ஆற்றோரத்தில் விரலை ஓட்டிக்கொண்டே, “நாம உக்காந்திருந்த இடத்துல ரெண்டு தூண் இருந்துச்சே, அது எங்கே?” என்று கேட்டார். அந்தத் தூண்கள் ஊரைத் திரும்பக் கட்டியபோது வந்தவை, இந்தப் படம் அதற்கு முந்தையது என்று சொன்னேன். அவர் விரலை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார்.